47-ஆம் நம்பர் பால்

6 நவம்பர் 2006, திங்கள்

விடிகாலையிலிருந்து தூறல். 5.40 அரியலூர் பஸ். ஏறப்போன பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கால் வைத்த இடமெல்லாம் சேறு. இடது செருப்பின் வார் பிய்ந்தது. ஊக்கு குத்தி ஒப்பேற்றினேன்.

பால் சங்கத்தில் புகார். போன வாரம் நான் பொருத்திவிட்டு வந்த கம்ப்யூட்டர் இருபது பேர் பால் ஊற்றியதும் "தூங்கிப்போவுது"ங்கிறார் டெஸ்டர் மாணிக்கம். (இனி 'மா.' மட்டும்; எழுதிக் கை வலிக்கிறது.) உண்மைதான். திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பரிசோதனை மிஷின் அனுப்பும் முடிவு வந்து விழவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். மூன்று முறை. நான்காவது முறை செருகும்போது மா. சிரித்தார்.

காரணம் 7 மணிக்குக் கிடைத்தது. என் பைதான் ப்ரோக்ராமில் மிஷினைக் கேட்டுக்கொண்டே இருக்க ஒரு பகுதி. முடிவு வந்ததும் கூப்பிட ஒரு ஃபங்ஷனை அதனிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கிறேன். கால்பேக். விசில் வந்தால் கூப்பிடு என்று குக்கரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவது மாதிரி. இருபது பேருக்கு ஒருமுறை மிஷினுக்குள் தண்ணீர் விட்டு அலசுகிறார் மா. அப்போது மிஷின் ஒரு வெற்று வரியை அனுப்புகிறது. அதை எண்ணாக மாற்றப் போய் என் கால்பேக் தடுக்கி விழுகிறது. கேட்கிற பகுதியும் கூடவே செத்துப்போகிறது. சத்தம் இல்லை, எச்சரிக்கை இல்லை.

சரிசெய்தவை:
- வெற்று வரி வந்தால் விட்டுவிடு
- தவறு நேர்ந்தாலும் கேட்பதை நிறுத்தாதே
- லாக் ஃபைல் ஒன்று. எண் தட்டிய நேரம், மிஷின் ஆரம்பித்த நேரம், முடிவு வந்த நேரம், மூன்றும் அதில் விழும்

மீதி வரிசை நகரத் தொடங்கியதும் என்னைப் பின்னறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். பால் சங்கத்து டீயில் பாலே இல்லை.

7 நவம்பர், செவ்வாய்

வெயில். கம்ப்யூட்டர் சென்டரில் காலை பேட்ச், டைப்பிங். பதினொரு பேர், ஏழு கீபோர்டு.

மா. போன் செய்தார். "மேடம், இப்ப தூங்கலங்க. ஆனா காலையில ஓராளுக்கு முடிவே வராம போயிடுது. மறுபடி போட்டா வருது. நடுவுல ஒண்ணு காணாமப் போவுது, அவ்ளோதான்." கேபிளாக இருக்கும் என்றேன். எதற்கெடுத்தாலும் கேபிள். டாக்டர்கள் வைரஸ் காய்ச்சல் என்கிறார்களே, அது போல.

செல்வம் சார் (சென்டர் ஓனர்) "இன்னும் மூணு சங்கம் விசாரிச்சிருக்கு, இது நல்லபடியா ஓடணும்" என்று இரண்டு முறை சொன்னார். முதல் முறையே கேட்டது.

செருப்புத் தைக்கவில்லை. கடைப்பல் லேசாக வலி.

8 நவம்பர், புதன்

மறுபடி 5.40. இன்று காலை முழுக்க மா. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு தவறும் இல்லை. அறுபத்திரண்டு பேர், அறுபத்திரண்டு முடிவு. மழைவிட்ட காலை. சங்க வாசலில் வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து பேச, வரிசையில் நிற்பது தூக்குவாளிகள்தான். ஆள் வந்து நிற்க வேண்டியதில்லை, தூக்கை வைத்தால் போதும். அந்த வரிசையை யாரும் குலைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வருவதால் தினமும் ஏறக்குறைய ஒரே வரிசை.

நடைமுறை இதுதான்: தூக்கிலிருந்து ஒரு சின்னக் கிண்ணம் பால் எடுத்து மிஷினில் வைத்துப் பட்டனை அழுத்துவார் மா. நாற்பது நொடி உறுமும். பிறகு இரண்டு எண் வரும், கொழுப்பு ஒன்று, மற்ற சத்து ஒன்று. தண்ணீர் கலந்திருந்தால் இரண்டும் இறங்கும். உறுப்பினர் எண்ணை மா. தட்டுவார். எல்லோர் எண்ணும் அவருக்கு மனப்பாடம். முகத்தைப் பார்த்தாலே விரல் போகிறது.

31, சின்னப்பொண்ணு. இன்று முடிவு கொஞ்சம் கீழே. செயலாளர் எட்டிப் பார்த்து, "மழைக்குப் பச்சைப்புல்லு தின்னா அப்படித்தான்" என்று நகர்ந்தார். இவருக்கு அந்தம்மா ஒன்றுவிட்ட தங்கை முறை என்று மா. பிறகு சொன்னார்.

அடுத்த தூக்கு 47, வள்ளி. நல்ல முடிவு. அந்தம்மா திரையைக் கை நீட்டிக் காட்டிச் செயலாளரிடம் கேட்டார்: "பாத்துக்கிட்டீங்களா? நேத்தும் முந்தாநாளும் தண்ணிங்கிறீங்க. இன்னிக்கி எப்படி நல்லாருக்கு?"

"இன்னிக்கி ஊத்தல, நல்லாருக்கு" என்றார் செயலாளர். மரத்தடியில் சிரிப்பு. சின்னப்பொண்ணு மட்டும், "வள்ளி அந்த மாதிரி ஆளு கெடையாதுங்க" என்றார். வள்ளி வீட்டுக்கு அடுத்த வீடாம்.

எனக்கென்ன என்று கேபிளைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு வந்தேன். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

9 நவம்பர், வியாழன்

ஒன்றுமில்லை. கரண்ட் போய்ப் போய் வந்தது. அம்மா ஒரு ஜாதகத்தைப் பற்றிச் சொன்னாள், அரியலூர், சிமெண்ட் ஆலையில் வேலை. மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். "அது ஒரு கேள்வியா?" என்றாள். கேள்விதான். நானும் போட்டிருக்கிறேன், இரண்டு பேரும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா?

பல் வலி அதே.

10 நவம்பர், வெள்ளி

அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பிரிண்டர் பார்க்கப் போனேன். பஸ்ஸில் சங்கத்து ஊர் நிறுத்தத்தில் வள்ளி ஏறினார். தலையில் சும்மாடு, அதன்மேல் தயிர்ப்பானை. என்னைப் பார்த்ததும் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். பானையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேசியதை மறப்பதற்குள் எழுதுகிறேன்.

"நேத்தும் தண்ணின்னு வந்துச்சு. மூணு தடவ ஆச்சாம், சட்டமாம். எம் பேரப் பலகையில எழுதிப்புட்டாங்க. பதினஞ்சு நாளைக்கிப் பாலு எடுக்கமாட்டாங்களாம்."

சங்க வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. கூட்டத் தேதி, தீவன மூட்டை வந்த விவரம் எல்லாம் அதில்தான். இப்போது அதில் தண்ணீர் கலந்தவர் என்று இவர் பெயர்.

"ரெண்டு மாடு கறக்குதும்மா. மடியில பாலக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்ல முடியுமா? தோய்ச்சு எடுத்துக்கிட்டு அரியலூரு போறேன். தெருத் தெருவா. இதுல பாதியாவது விக்குமோ என்னமோ."

நான் ஏதோ சொன்னேன், மிஷின் பொதுவாகச் சரியாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி. இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் கோபப்படவில்லை. கணக்குப் போடுகிறவர் போல விரல் மடக்கிக் கேட்டார்:

"காலையில தண்ணி ஊத்துறவ சாயங்காலம் ஊத்தமாட்டாளா? சாயங்காலப் பாலு எல்லாம் நல்லாருக்குன்னுதான வருது? அப்பறம், நீ ஒக்காந்திருந்த அன்னிக்கி காலையில நல்லா வந்துச்சு. நீ இருந்தா நல்ல பாலு, நீ போனா தண்ணிப் பாலா? நீயே சொல்லு பாப்பா."

இறங்கும்போது பானையைத் தூக்கிவிட்டேன். கனமாக இருந்தது.

பிரிண்டரில் எலி.

11 நவம்பர், சனி

நாள் முழுக்க வீட்டில் ப்ரோக்ராமைத் தாளில் அச்செடுத்து வரி வரியாகப் படித்தேன். லாக் ஃபைல் சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கையில் இல்லை.

வள்ளி சொன்னதை எழுதிப் பார்த்தேன்:
1. காலையில் மட்டும் (கூட்டம் அதிகம்)
2. சாயங்காலம் இல்லை (பத்து இருபது பேர்தான்)
3. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் இல்லை

மூன்றாவதுதான் இடிக்கிறது. ப்ரோக்ராமுக்கு நான் இருப்பது எப்படித் தெரியும்? அதற்கென்ன என்மேல் மரியாதையா?

செல்வம் சாரின் பழைய கம்ப்யூட்டரில் மிஷின் இருப்பது போல நானே முடிவுகளை அனுப்பிப் பார்த்தேன். எண் தட்டு, முடிவு அனுப்பு, பார். எண் தட்டு, முடிவு அனுப்பு, பார். நூறு தடவை. நூறும் சரி. ஒவ்வொரு துண்டும் சரியாக இருக்கிறது. சேர்த்தாலும் சரியாக இருக்கிறது.

அப்படியானால் ஊற்றியிருப்பாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதி வைக்கிறேன், பிறகு நல்லவள் வேஷம் போடக் கூடாது.

12 நவம்பர், ஞாயிறு

எண்ணெய்க் குளியல். செருப்பு தைத்தாயிற்று. மதியம் தூங்கி எழுந்து மறுபடி அந்தத் தாள். கால்பேக்குக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். எட்டு வரிதான். முடிவை வாங்கு, திரையில் உள்ள எண்ணைப் படி, அந்த எண்ணுக்கு எதிரே முடிவை எழுது. இதில் எங்கே தப்பு வரும்?

அம்மா: "மாப்பிள்ள வூட்டுலேருந்து கேட்டா, பொண்ணு ஞாயித்துக்கெழம பூரா பேப்பரயே முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கும்னு சொல்லவா?"

சொல்லட்டும்.

13 நவம்பர், திங்கள்

காலை எட்டரைக்கே செயலாளரின் போன். குரலில் நெருப்பு. "என்னா மிஷினு குடுத்துருக்கீங்க? சனிக்கெழம ஒருக்கா, இன்னிக்கி ஒருக்கா, எங்க வூட்டுப் பாலுல தண்ணிங்குது! உடனே வந்து பாருங்க. ரிப்பேரு."

அவர் வீட்டுக்காரம்மாவும் பால் ஊற்றுகிறார். 5-ஆம் எண். அந்த வீட்டுத் தூக்கு வள்ளி தூக்குக்கு அடுத்தது. வள்ளி வராததால் இப்போது சின்னப்பொண்ணுக்கு அடுத்தது.

வள்ளி பாலில் தண்ணீர் என்றால் வள்ளி ஊற்றினார். செயலாளர் வீட்டுப் பாலில் தண்ணீர் என்றால் மிஷின் ரிப்பேர். போனை வைத்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. டீ குடித்தேன், அடங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: கெட்ட பெயர் ஆளைப் பிடித்து நிற்கவில்லை, இடத்தைப் பிடித்து நிற்கிறது. சின்னப்பொண்ணுக்கு அடுத்த இடம்.

நாளை போகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

14 நவம்பர், செவ்வாய்

5.40. நல்ல மழை. சங்கத்துக்குள் போகவில்லை. அம்மாவின் குடையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் பெண்களோடு நின்றேன். முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்த ஒருவர், "எந்தூரு?" என்றார். "பெரம்பலூருங்க." "பாலு வாங்கவா?" "ஆமாங்க." பொய். பரவாயில்லை.

ஜன்னல் வழியாக மா. நன்றாகத் தெரிந்தார். மழையில் எல்லோருக்கும் அவசரம், தூக்குகள் வாசலுக்கு வெளியே வரை. இவர் கிண்ணத்தை மிஷினில் வைக்கிறார், பட்டனை அழுத்துகிறார். மிஷின் நாற்பது நொடி உறுமுகிறது. அந்த நாற்பது நொடி இவர் சும்மா இருப்பாரா? அடுத்த தூக்கு யாருடையது என்று எட்டிப் பார்த்து, அடுத்த ஆளின் எண்ணை இப்போதே தட்டிவிடுகிறார். நேரத்தை மிச்சப்படுத்துகிறார். எத்தனையோ வருடமாகப் பேரேட்டில் எழுதிய கை. பால் அளக்கும்போதே அடுத்த பெயரை எழுதி வைத்துப் பழகிய கை.

நான் பக்கத்தில் உட்கார்ந்த அன்று இப்படிச் செய்யவில்லை. முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இருக்கிறேன் என்பது ப்ரோக்ராமுக்குத் தெரியவில்லை, மாணிக்கத்துக்குத் தெரிந்திருந்தது.

என் கால்பேக் என்ன செய்கிறது? முடிவு வந்ததும் திரையில் எந்த எண் இருக்கிறதோ அதைப் படிக்கிறது. திரையில் இருப்பதோ அடுத்த ஆள். சின்னப்பொண்ணு பாலின் முடிவு வள்ளி பெயரில் விழுகிறது. வள்ளி பாலின் முடிவு செயலாளர் வீட்டுக்கு. அவசரமாக வேலை நடக்கும்வரை எல்லாருக்கும் ஓர் இடம் தள்ளி. இந்த ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒருவருக்கு முடிவே வராது. மா. போன வாரமே போனில் சொன்ன "காணாமப் போவுது" இதுதான். நான் கேபிள் என்றேன்.

எண்ணைப் படித்திருக்க வேண்டிய நேரம் பட்டனை அழுத்தும்போது. நான் படித்தது முடிவு வரும்போது. நடுவில் நாற்பது நொடி. அதற்குள் ஒரு பெண்ணின் பெயர் போய்விட்டது.

வீட்டில் நூறு தடவை சோதித்தபோது நூறு தடவையும் முடிவுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தேன். வரிசையில் அறுபது தூக்கு நிற்கும்போது எவரும் அப்படிக் காத்திருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே போனேன். மா. என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார்! சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கூட்டம் கலைந்த பிறகு லாக் ஃபைலைத் திறந்தேன். போன வாரத்துத் திங்கள், செவ்வாய், வியாழன், மூன்று காலையும் அப்படியே இருந்தது. மிஷின் ஆரம்பித்தது, அதன் பிறகு 47 தட்டியது, அதன் பிறகு முடிவு. மூன்று முடிவும் சின்னப்பொண்ணுடையவை. வள்ளியின் சொந்தப் பால் மூன்று நாளும் நல்ல பால். வரிசைப்படி ஒரு தாளில் அச்செடுத்துப் பையில் வைத்தேன்.

சின்னப்பொண்ணு சாயங்காலப் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவருவதில்லை, டீக்கடைக்குக் கொடுக்கிறார். அதனால்தான் சாயங்காலத்தில் எதுவும் தெரியவில்லை.

அவர் தண்ணீர் ஊற்றினாரா? தெரியாது. தூக்கைக் கழுவிவிட்டு வடிக்காமல் கறந்திருக்கலாம். மாடு சரியாகத் தின்னாமல் இருந்திருக்கலாம். அல்லது ஊற்றியிருக்கலாம். தன் பால் யார் தலையில் விழுகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

திருத்தம் பத்து நிமிட வேலை. பட்டனை அழுத்தியதும் மிஷின் ஓர் எழுத்தை அனுப்பும், அப்போதே எண்ணை எடுத்துக் கால்பேக்கோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மா. திரையில் எதைத் தட்டினாலும் கவலையில்லை. அவரையே வேகமாகத் தட்டச் சொல்லிச் சாயங்காலப் பாலில் சோதித்தேன். "இனிமே முன்னாடியே தட்டலாமுங்களா?" "தட்டுங்க." அவருக்கு ஒரே சந்தோஷம்.

7.20 பஸ்ஸில் வீடு. சாப்பிடவில்லை.

15 நவம்பர், புதன்

செல்வம் சாரிடம் முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மேசையில் ஒரு சிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், எனக்கு லினக்ஸ் சிடியும் பைதான் புத்தகமும் வாங்கிக் கொடுத்து, படி, நீ படிச்சுட்டு எனக்குச் சொல்லிக்குடு என்றவர்.

"சரிபண்ணியாச்சுல்ல? கரண்டு ஏத்த எறக்கத்துல மிஷினு ஒளறிடுச்சுன்னு சொல்லிட்டு வா. யாரு நோண்டப்போறா?"

"அந்தக்கா பேரு பலகையில இருக்கு சார்."

"அழிக்கச் சொல்லிடுவோம்."

"கரண்டு தப்புன்னா நாளைக்கி மறுபடி கரண்டு வந்து போவும் சார். அவங்கள மறுபடி சந்தேகப்படுவாங்க. ப்ரோக்ராம் தப்புன்னு சொன்னாத்தான் முடியும்."

ரொம்ப நேரம் சிடி சுற்றியது. பிறகு, "சரி, சொல்லு. சென்டர் பேரச் சொல்லாத. ஓம் பேரச் சொல்லிக்க" என்றார்.

முதலில் கோபம் வந்தது. மத்தியானத்துக்குள் போய்விட்டது. எழுதியவள் நான்தானே, வேறு யார் பெயரைச் சொல்வது?

செயலாளருக்குப் போன். விஷயத்தைச் சொன்னேன். "மிஷினு ரிப்பேருன்னு நாந்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். மிஷின் இல்லைங்க, நான் எழுதினது என்றேன். "என்னமோ ஒண்ணு. பலகைய அழிச்சாச்சு. அந்தம்மாவ நாளையிலேருந்து ஊத்தச் சொல்லிடுறேன்." முடிந்தது அவருக்கு.

பல் வலிக்கு கிராம்பு. உபயோகமில்லை.

16 நவம்பர், வியாழன்

மழை இல்லை, பனி. 5.40. உறங்காமல் போனேன் என்று எழுதலாம், ஆனால் உறங்கினேன்.

வள்ளி வரவில்லை. சொல்லி அனுப்பியும் வரவில்லை என்றார் மா. நானே போனேன். சங்கத்திலிருந்து நாலாவது தெரு, ஓட்டு வீடு, வாசலில் இரண்டு மாடும். கறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கால்பேக் என்றெல்லாம் சொல்லவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவங்க பாலோட முடிவை உங்க பேர்ல எழுதிடுச்சு, அப்படி எழுதச் சொன்னது நான், என் தப்பு என்றேன். மன்னிச்சிடுங்க என்றேன்.

கறந்து முடித்தார். கன்றை அவிழ்த்துவிட்டார். பிறகுதான் பேசினார்.

"பேர அழிச்சிட்டாங்களாம், வந்து ஊத்துன்னு ஆளு வந்துச்சு. அழிச்சாப் போதுமா? எழுதுனத ஊரே படிச்சுது. அழிச்சத யாரு படிச்சா?"

"நான் எழுதுறேங்க்கா."

"எங்க?"

"அதே பலகையில."

கறந்த பாலைத் தூக்கில் ஊற்றி மூடினார். பிறகு உள்ளே போய் முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். தூக்கை அவரேதான் தூக்கிக்கொண்டார். நான் கேட்டும் தரவில்லை.

சங்கத்தில் நல்ல கூட்டம். சின்னப்பொண்ணு முன்பே வந்திருந்தார். அவர் தூக்குக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் வள்ளி தன் தூக்கை வைத்தார். மா. சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தார். ஈரப் பலகை, எழுத்து சரியாக விழவில்லை, இரண்டு முறை துடைத்து எழுதினேன்.

"உறுப்பினர் எண் 47 வள்ளி ஊற்றிய பாலில் தண்ணீர் இல்லை. தவறு கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில். அந்த ப்ரோக்ராமை எழுதியது நான். கவிதா, பெரம்பலூர்."

எழுதி முடித்து நகர்ந்ததும் வள்ளி, "எனக்குப் படிக்க வராது. மாணிக்கண்ணே, சத்தமாப் படிங்க" என்றார். மா. படித்தார். மரத்தடியிலிருந்த பெண்கள் எழுந்து பலகைப் பக்கம் வந்தார்கள். "இன்னொருக்கா" என்றார் வள்ளி. இன்னொரு முறையும் படித்தார்.

அப்போது செயலாளர் வெளியே வந்தார். "அது சரி. அப்ப அந்தத் தண்ணிப் பாலு யாருது? எம் பொண்டாட்டி பேரும் ரெண்டு நாளாக் கெட்டுது. யாருன்னு தெரியணும்ல? ஏம்மா, கம்ப்யூட்டர்ல இருக்கும்ல, சொல்லுங்க."

இருக்கிறது. பையில் அந்தத் தாள். கை பைக்குள் போய்விட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சின்னப்பொண்ணு மட்டும் பார்க்கவில்லை, குனிந்து தன் தூக்கின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். செயலாளருக்குத் தான் யாரைக் கேட்கிறோம் என்று தெரியவில்லை.

வள்ளி என்னிடம் கேட்டார். "அதயும் அந்தப் பொட்டிதான பாப்பா சொல்லுது?"

"ஆமாங்க்கா."

"நீதான எழுதுன அதயும்?"

"ஆமாங்க."

"அப்ப சொல்லாத. நாளைக்கி அதுவும் தப்புன்னு வந்தா அவளுக்கு யாரு வந்து எழுதுவா?"

நான் யார் பெயரையும் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவங்க என்றதே அவருக்குப் போதுமாயிருந்தது.

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வள்ளி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணே, நேரமாவுது, ஆரம்பிங்க" என்றார் மாணிக்கத்திடம். நான் பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சின்னப்பொண்ணு குனிந்து, வள்ளியின் தூக்கை எடுத்துத் தன்னுடையதற்கு முன்னால் வைத்தார்.